கொளுத்தாமல் விட்ட புற்குவியல்

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு உற்சாகமூட்டும் விதமாக ஏதாவது எழுதித் தாருங்கள் என்று அலுவலகத்தில் கேட்டிருக்கிறார்கள். உற்சாகத்துக்கு ஆள் தேடி என்னிடம் வந்தவர்களின் நிலைமையை நினைத்தால் எனக்கே பாவமாக இருக்கிறது. முழங்கால் இரண்டும் தேய்ந்து, வீட்டில் ஒரு பூச்சாடிகூட வைக்காமல் இருக்கிறவள் நான். உற்சாகம் வேண்டுமென்றால் யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தடியில் ஒரு சோடா வாங்கிக் குடியுங்கள். என்னிடம் உள்ளதைத்தானே நான் தரலாம். என்னிடம் உள்ளது புல்.

நான் இரண்டு தரம் ஓய்வு பெற்றவள். முதல் தரம் அரசாங்கத்தில், விவசாயப் போதனாசிரியராக. சுன்னாகத்தைச் சுற்றியுள்ள வெங்காயத் தோட்டங்களுக்கெல்லாம் முதலில் சைக்கிளிலும் பிறகு மோட்டார் சைக்கிளிலும் போய், புல்லை எப்படி வேரோடு ஒழிப்பது என்று படிப்பித்தேன். அதற்கு ஓய்வூதியமும் தந்தார்கள். அதன் பிறகு தோட்டம் அமைத்துக் கொடுக்கிற இந்த நிறுவனம் என்னைக் கூப்பிட்டு, அதே புல்லைப் பணம் வாங்கிக்கொண்டு நட்டுத்தரச் சொன்னது. அதையும் செய்தேன். மனச்சாட்சி உறுத்தவில்லையா என்று கேட்காதீர்கள். புல்லுக்கு வழக்குப் போடத் தெரியாது.

உங்களிடம் வரப்போகிற வாடிக்கையாளர்களைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். வந்ததும் ஃபோனை நீட்டுவார்கள். அதில் இங்கிலாந்தில் எங்கேயோ ஒரு வெளி இருக்கும். இடுப்பளவு புல், நடுநடுவே நீலமும் மஞ்சளுமாகக் காட்டுப்பூ, மேலே கறுத்த மேகம். "இது மாதிரி வேணும்" என்பார்கள். மேகம் எங்களிடம் கையிருப்பில் இல்லை என்று சொன்னால் முகம் சுருங்கும். காட்டுப்பூ வேண்டும், ஆனால் வரிசையாக நிற்க வேண்டும். புல் உயரமாக வேண்டும், ஆனால் பாம்பு வரக்கூடாது. எல்லாம் இயற்கையாக இருக்க வேண்டும், ஆனால் சனிக்கிழமைக்குள் பூத்துவிட வேண்டும், ஏனென்றால் அன்றைக்குத்தான் ட்ரோன் கமெராக்காரர் வருகிறார். ஒரு ஹோட்டல் முதலாளி, நாணற்பூ காற்றில் ஆடுவதைப் பார்த்துவிட்டு, "உதைக் கொஞ்சம் ஆடாமல் நிப்பாட்டேலாதோ மிஸ், படத்திலை தெளிவில்லாமல் விழுகுது" என்று கேட்டார். காற்றோடு கதைத்துப் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். இப்படிப்பட்டவர்களிடம் கோபப்படாதீர்கள். அவர்களுக்குப் புல்லைப் பற்றித் தெரிந்திருந்தால் உங்களுக்கு வேலை இல்லை.

இனி என் முதல் மேலதிகாரி. சரியான சிடுமூஞ்சி. ஒரு நல்ல வார்த்தை சொன்னால் சம்பளத்தில் வெட்டிவிடுவார்கள் என்று பயந்தவர் போலத்தான் நடமாடுவார். கரையோரத் தோட்டம் ஒன்றில் வெங்காயத் தாளெல்லாம் நுனி கருகிப்போய், தோட்டக்காரர்கள் எங்களைச் சுற்றி நின்று கத்தினார்கள். மருந்தைச் சொல்லுங்கோ, கெதியாச் சொல்லுங்கோ, ஏன் நிண்டு மினக்கெடுறியள். நான் ஏற்கெனவே மருந்தின் பெயரை எழுதத் தொடங்கிவிட்டேன், அவ்வளவு கெட்டிக்காரி. அவர் ஒரு சுருட்டைப் பற்ற வைத்தார். வரம்பில் நின்று, அது முடியும் வரைக்கும் வெங்காயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். சனம் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. சுருட்டு முடிந்ததும் கிணற்றடிக்குப் போனார், ஒரு கை தண்ணீர் அள்ளி வாயில் விட்டார், துப்பினார். "உப்பு" என்றார். நோயும் இல்லை, பூச்சியும் இல்லை. என் மருந்தை அடித்திருந்தால் மருந்துக் கடைக்காரர் மட்டும் பிழைத்திருப்பார். எல்லாரும் கத்துகிற நேரத்தில் ஒரு சுருட்டு நேரம் சும்மா நிற்கத் தெரிய வேண்டும். நான் சுருட்டுக் குடிக்கச் சொல்லவில்லை, நிற்கத்தான் சொல்கிறேன்.

இந்த நிற்கிற வித்தை எனக்கு உதவிய இடம் ஒன்று இருக்கிறது. அதைத்தான் உங்களுக்குச் சொல்ல வேண்டும். கீர்த்தனா, அப்போது என்னோடு உதவிக்கு நின்ற நீயும் இந்தக் கதையில் வருகிறாய், இப்போதே தலையைக் குனியாதே.

கொழும்புத்துறையில், கடலேரியை ஒட்டிய காணி. அதில் ஒரு பழைய கல்வீடு, வீட்டில் றெஜினா என்ற ஒரே ஒரு சீவன். வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. தாயையும் தகப்பனையும் கடைசி வரைக்கும் பார்த்து அடக்கம் செய்ததில் கலியாணம் கட்ட நேரம் கிடைக்கவில்லை. முன் அறையில் தையல் மெசின். பள்ளிக்கூடச் சீருடையிலிருந்து மாதா கோயிலில் முதல்நன்மை எடுக்கிற பிள்ளைகளின் சட்டை வரைக்கும் அந்தப் பக்கத்துச் சனம் அவளிடம்தான் தைக்கும். ஆனால் காணியும் வீடும் அவளுக்கு மட்டும் சொந்தமில்லை. கனடாவிலிருக்கும் அண்ணன் அன்ரனுக்கும் அவளுக்கும் பொதுவில் தாய் தகப்பன் விட்டுப்போன முதுசம். அன்ரன் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பூசை முடிகிற நேரம் பார்த்து ஃபோன் எடுப்பார். காணியை விற்றுவிட்டு, கொழும்பில் வெள்ளவத்தைப் பக்கம் ஒரு ஃபிளாட் எடுத்துத் தருகிறேன், தங்கச்சி அங்கே போய் வசதியாக இருக்கட்டும் என்பது அவருடைய திட்டம். கெட்ட மனிதர் இல்லை. அதுதான் கரைச்சல். கெட்டவர்களோடு சண்டை பிடிக்கலாம், பாசத்தோடு விற்க வருகிறவனை என்ன செய்வது?

அவருடைய வாதம் ஒன்றே ஒன்று. கிணறு உப்பாகிவிட்டது, நின்ற தென்னை பட்டுப்போனது, அந்தக் காணியில் ஒன்றும் முளைக்காது, முளைக்காத மண்ணில் மனிசர் எப்படி இருப்பது? றெஜினாவும் செம்பருத்தி, றோசா, குறோட்டன் என்று வைக்காததில்லை. எல்லாம் ஒரு மாரிக்கு நின்று, வெயில் பிடித்ததும் கருகின. இரண்டு வருஷம் கழித்து வருகிற ஆடியில் நேரில் வந்து பார்த்து, நொத்தாரிசிடம் போய்க் காணியை விற்கிற எழுத்தை முடிப்பதாக அண்ணன் சொல்லிவிட்டார். அதற்கு முன் இன்னும் இரண்டு மாரி இருந்தது. அப்போதுதான் அவள் எங்கள் அலுவலகத்துக்கு வந்தாள்.

"மிஸ், உப்புக்குச் சாகாத சாமான் ஏதும் உங்களிட்டை இருக்கோ? வடிவாய் இருக்கோணுமெண்டில்லை. அண்ணை வந்து பாக்கேக்கை அந்த நிலத்திலை ஏதோ ஒண்டு உயிரோடை நிண்டால் காணும். இல்லாட்டி என்னைக் கொண்டுபோய் வெள்ளவத்தையிலை வைச்சிடுவார். அங்கை ஆர் மிஸ் என்னட்டைத் தைக்க வருவினம்?"

போய்ப் பார்த்தேன். கிணற்றுத் தண்ணீரை வாயில் விட்டேன், துப்பினேன். பிறகு, "புல் நடுவம்" என்றேன்.

"புல்லோ?" என்றாள். "புல்லை மண்வெட்டியாலை செருக்கிறதுக்கெல்லோ நான் ஆள் பிடிக்கிறனான். நீங்கள் மினக்கெட்டு நடவோ வந்தனீங்கள்?"

அவளைக் குறை சொல்ல முடியாது. எங்கள் சனத்துக்கும் புல்லுக்கும் உள்ள பகை உங்களுக்குத் தெரியும். முற்றத்தில் புல் முளைத்தால் வீட்டுக்காரர் ஒன்றில் வெளிநாடு போய்விட்டார், அல்லது செத்துவிட்டார், அல்லது மூளை கலங்கிவிட்டார். நாலாவது காரணம் எங்கள் ஊரில் இல்லை. விடிந்ததும் கூட்ட வேண்டும், கூட்டியதைக் குவிக்க வேண்டும், குவித்ததைக் கொளுத்த வேண்டும். சைவக்காரர், தேவாலயத்துக்குப் போகிற வேதக்காரர் என்று மற்ற எல்லாவற்றிலும் வேறு வேறாக இருந்தாலும் இந்த விஷயத்தில் மட்டும் ஒரே மதம்.

நட்ட கதையை விடுகிறேன். அது உங்கள் பயிற்சியிலேயே இருக்கிறது, படித்துவிட்டு மறந்துவிடுங்கள், எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள். மணற்காட்டுப் பக்கத்து மணலில் நிற்கிற இராவணன் மீசை, நாணல், வெட்டிவேர். அவற்றின் காலடியில் அடம்பன் கொடியும் பட்டிப்பூவும். ஓரத்தில் எருக்கலையும் ஆவரசும். கடை கண்ணியில் ஒருவரும் காசு கொடுத்து வாங்காத சாதிகள். முதல் மாரியில் பிடித்துக்கொண்டன. இரண்டாம் மாரியில் என்னைக் கேளாமலே பெருகின. பிறகு சோளகக் காற்று எழும்பி, புல்லெல்லாம் பொன்னிறமாகி, அடம்பன் ஊதாப் பூவோடு வேலி வரைக்கும் ஓடி, பின்னால் கடலேரியும் மின்னிக்கொண்டு நின்றபோது, ஒரு நாள் அவள் சொன்னாள்.

"மிஸ், நான் இப்ப ஜன்னலைத் திறந்து வைச்சுக்கொண்டுதான் தைக்கிறனான். முந்தி ஒருநாளும் திறக்கிறேல்லை."

இரண்டு வேலையிலும் எனக்கு அவ்வளவு சந்தோஷம் வந்ததில்லை. இதை வெளியே சொல்லாதீர்கள், என் பெயர் கெட்டுவிடும்.

தெருவால் போகிறவர்கள் வேறு விதமாகப் பார்த்தார்கள். "றெஜினாக்கா, புல்லு வெட்ட ஆக்கள் வேணுமெண்டால் ஒரு சொல்லுச் சொல்லுங்கோ" என்று வேலிக்கு மேலால் கேட்பார்கள். அவள் வெட்கப்பட்டுச் சிரித்து, "இருக்கட்டும்" என்பாள். காசு கொடுத்துப் புல் வளர்க்கிறேன் என்று எந்த வாயால் சொல்வாள்? நாங்களும் சொல்லவில்லை. வாடிக்கையாளருக்கு விளங்கப்படுத்தினோம், எங்கள் முதலாளிக்கு விளங்கப்படுத்தினோம், படம் பிடித்து இணையத்தில் போட்டு உலகத்துக்கே விளங்கப்படுத்தினோம். பக்கத்து வீட்டுக்காரருக்கு ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அங்கேதான் பிழை விட்டோம்.

ஆடி வந்தது. றெஜினா முதல் நாளே வாடகைக்கு ஒரு வான் பிடித்துக்கொண்டு அண்ணனைக் கூட்டிவரக் கட்டுநாயக்கா விமான நிலையத்துக்குப் போய்விட்டாள். எங்களுக்குச் சொன்ன வேலை சின்னது. காலையில் போய், பாதையில் சாய்ந்து கிடக்கிற புல்லை ஒதுக்கி, படலையடியைக் கூட்டிவிட வேண்டும். நானும் கீர்த்தனாவும் போனோம்.

படலைக்கு வெளியே ஒரே சைக்கிளும் மோட்டார் சைக்கிளுமாக நின்றன. உள்ளே போனால், காணி இல்லை. அதாவது காணி இருந்தது, அதன் மேல் இருந்தது ஒன்றும் இல்லை. வேலியிலிருந்து வேலி வரைக்கும் மண்வெட்டியால் செருக்கி, ஈர்க்குமாற்றால் கோடு கோடாகக் கூட்டி, தண்ணீரும் தெளித்து விட்டிருந்தார்கள். நடுவில் ஆள் உயரத்துக்கும் மேலாக ஒரு குவியல். கிணற்றடியில் விளையாட்டுக் கழகத்துப் பொடியன்கள் கால் கழுவிக்கொண்டு நின்றார்கள். எல்லாருக்கும் முன்னால், முகம் முழுக்கப் பல்லாக, மரியதாஸ். பக்கத்து வீட்டுக்காரர், கடற்றொழிலாளி, அந்தத் தெருவில் கலியாணமோ செத்த வீடோ அவர் இல்லாமல் நடக்காது.

"மிஸ், பாத்தியளோ! றெஜினாக்கா வந்து இறங்கேக்கை மலைச்சுப் போவா. விடிய வெள்ளனத் துவங்கின வேலை."

"என்ன செய்து வைச்சிருக்கிறியள்?" என்றேன். 

"துப்பரவு மிஸ். கனடாவிலையிருந்து அண்ணை வாறார், வாசல்லை புல்லுப் பத்தை பத்திப்போய் நிண்டால் எங்கடை தெருவுக்கெல்லோ மரியாதைக் கேடு. அவ தனி மனிசி, எங்களைக் கேக்கவும் வெக்கப்படுறா. அதுதான் கேக்காமலே செய்து விட்டம். இண்டைக்கு ஒருத்தரும் கடலுக்குப் போகேல்லை."

ஒருவரும் கடலுக்குப் போகவில்லை. ஒரு நாள் உழைப்பை விட்டுவிட்டு, ஒரு தேத்தண்ணியும் எதிர்பாராமல் வந்து, அந்த மனிசியின் எதிர்காலத்தைச் சுத்தமாகக் கூட்டித் தள்ளியிருக்கிறார்கள். இதற்கு எப்படித் திட்டுவது? நான் சைவம், அவர் வேதம், ஆனபடியால் இரண்டு பக்கத்துக் கடவுள்மாரையும் கூப்பிட்டேன். ஒருவரும் வரவில்லை. அண்ணன் என்ன சொன்னாரோ, அதையே இவர்கள் அச்சொட்டாகச் செய்து வைத்திருந்தார்கள். ஒன்றும் முளைக்காத காணி, இதோ, கூட்டித் தண்ணீர் தெளித்துத் தயார்.

"உதை ஒருக்கால் கொளுத்தி விட்டமெண்டால் வேலை முடிஞ்சுது" என்று மரியதாஸ் இடுப்பில் கட்டியிருந்த சாரத்து மடிப்பிலிருந்து நெருப்புப்பெட்டியை எடுத்தார்.

அந்த நேரம் பார்த்து என் ஃபோன் அடித்தது. றெஜினா.

"மிஸ், ஆனையிறவு தாண்டிட்டம், ஒரு மணித்தியாலத்திலை வந்திடுவம். அண்ணை பக்கத்திலை நித்திரை. எல்லாம் வடிவாய் நிக்குதோ?"

இங்கே ஒன்று கேளுங்கள். கெட்ட செய்தியை வாடிக்கையாளர் தன் கண்ணால் முதலில் காணும்படி விடாதீர்கள், அதுவும் தன்னை எடைபோட வருகிற ஆளின் பக்கத்தில் நின்று. வாயில் என்ன பொய் வந்தாலும் விழுங்கிவிட்டு உள்ளதைச் சொல்லுங்கள்.

"றெஜினா, கேளும். புல்லை வெட்டிப் போட்டினம். மரியதாஸும் பொடியளும். நல்ல மனசோடைதான் செய்திருக்கினம்."

றெஜினா குரலைத் தாழ்த்தினாள்.

"முழுக்கவோ மிஸ்?"

"முழுக்க."

பக்கத்தில் அண்ணன் தூங்குகிறார். அழவும் முடியாது. "சரி மிஸ்" என்றாள். 

நான் ஃபோனை வைத்ததும் கீர்த்தனா அழுகையும் கோபமுமாகப் பாய்ந்தாள். "மிஸ், லொறியைக் கூப்பிடுவம். நேர்சரியிலை நிக்கிற சாடி முழுக்க ஏத்துவம். குறோட்டன், போகன்விலா, றோஸ், எல்லாத்தையும் கொண்டந்து அடுக்கினால் ஒரு தோட்டம் மாதிரித் தெரியும்." பொடியன்களும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். ஓம் மிஸ், நாங்களும் ஏத்தி இறக்கித் தாறம், என்ரை மாமாட்டை லொறி நிக்குது, கெதியாச் சொல்லுங்கோ மிஸ், ஏன் நிக்கிறியள். ஆளுக்கொரு சத்தம்.

ஏன் நிற்கிறேனாம். கைப்பையில் ஓர் இஞ்சி ரொபி மிட்டாய் கிடந்தது. அதை வாயில் போட்டுக்கொண்டு நின்றேன். அன்றைக்கு வெங்காய வரம்பில் சிடுமூஞ்சி மனிதருக்குக் கிடைத்த பேச்செல்லாம் எனக்கும் கிடைத்தது, கொஞ்சம் மரியாதையோடு.

ரொபி கரையக் கரைய யோசித்தேன். சாடியைக் கொண்டுவந்து அடுக்கினால் அன்ரன் என்ன காண்பார்? கடையில் வாங்கிய மண்ணில் கடையில் வாங்கிய பூ நிற்பதைக் காண்பார். இந்த நிலத்தில் ஒன்றும் முளைக்காது என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். ஒன்றும் வைக்காமல் விட்டால் வெறும் தரை, அதுவும் அவர் பக்கத்துச் சாட்சி. அப்படியென்றால் றெஜினாவின் பக்கத்தில் என்ன இருக்கிறது? நான் காணியைப் பார்த்தேன், ஒன்றும் இல்லை. வேலியைப் பார்த்தேன், ஒன்றும் இல்லை. பிறகு மரியதாஸ் தீக்குச்சியோடு குனிந்து நின்ற இடத்தைப் பார்த்தேன். கடவுளே, எல்லாம் அங்கேதான் இருந்தது. அந்த மண் இரண்டு மாரியில் என்னத்தை முளைக்க வைத்ததோ அவ்வளவும் ஒரே இடத்தில், என்னைவிட உயரமாக.

"அந்த நெருப்புப்பெட்டியைத் தாரும்" என்றேன்.

நான்தான் கொளுத்தப்போகிறேன் என்று நினைத்து மரியாதையோடு நீட்டினார். வாங்கிக் கைப்பைக்குள் போட்டுப் பூட்டினேன்.

"ஒருத்தரும் கொளுத்தப்படாது. உவ்வளவத்தையும் படலையடிக்கு இழுங்கோ."

"மிஸ், உங்களுக்கென்ன விசரோ? கனடாக்காரன் வாற நேரம் குப்பையை வாசல்லையோ வைக்கிறது?"

அப்போதுதான், இரண்டு வருஷம் பிந்தி, மரியதாசுக்கு விஷயத்தைச் சொன்னேன். இது பத்தை இல்லை, நட்டது. அண்ணன் காணியை விற்க வருகிறார். இதைக் காட்டித்தான் அவள் இங்கே இருக்கப்போவதாக இருந்தது. மனிதர் கேட்டுக்கொண்டே கிணற்றுக் கட்டில் இருந்துவிட்டார்.

"என்ரை மாதாவே! புல்லை ஆராவது நடுவினமெண்டு ஆர் மிஸ் நினைச்சது? நான் அவவுக்கு உதவியெல்லோ செய்தனான். ஐயோ, அந்த மனிசியின்ரை முகத்தை எப்பிடிப் பாப்பன்?"

"முகத்தைப் பேந்து பாக்கலாம். இப்ப இழும்."

இழுத்தார்கள். காலையில் செருக்கியதைவிட வேகமாக இழுத்தார்கள். மரியதாஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு, வாடாத பட்டிப்பூவாகப் பொறுக்கி மேலே செருகத் தொடங்கினார். சோடிக்க வேண்டாம், இது பெருநாள் இல்லை என்று தடுத்தேன். பிறகு றெஜினாவுக்கு ஃபோன் எடுத்தேன். "படலையடியிலை ஒரு குவியல் கிடக்கும். அண்ணை கேட்டால் நீர்தான் மறுமொழி சொல்லவேணும். நான் வாய் திறக்கமாட்டன்" என்றேன். உண்மையில் எனக்கும் என்ன நடக்கும் என்று தெரியாது. தெரிந்த மாதிரி நிற்பதற்குத்தான் எங்களுக்குச் சம்பளம்.

வான் வந்தது. உள்ளே வர வழியில்லை, குவியல் பாதிப் படலையை அடைத்துக்கொண்டிருந்தது. ஹோர்ன் அடித்துப் பார்த்துவிட்டு அன்ரன் இறங்கினார். அரைக் காற்சட்டை, தொப்பி, கறுப்புக் கண்ணாடி. நித்திரை முகத்தோடு முதலில் காணியைத்தான் பார்த்தார்.

"சொன்னனான்தானே. பார், வெறும் தரை. ஒரு பச்சை கிடையாது." பிறகு குவியலைப் பார்த்தார். "உதென்ன கோதாரி? ஆர் இந்தக் குப்பையைக் கொண்டந்து எங்கடை வாசல்லை கொட்டினது?"

றெஜினா இறங்கிப் படலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். காணியை ஒரு முறைதான் பார்த்தாள். நான் என் செருப்பைப் பார்த்தேன்.

"ஒருத்தரும் கொண்டந்து கொட்டேல்லை அண்ணை. அது இங்கை முளைச்சது."

"எங்கை?"

"இந்தக் காணியிலை. விடிய வரைக்கும் நிண்டது."

"விசர்க்கதை கதையாதை."

சொல்லிக்கொண்டே குவியலில் கையை விட்டார். இராவணன் மீசை கையில் குத்தியது. விரலைச் சூப்பிக்கொண்டு மற்றக் கையால் ஓர் அடம்பன் கொடியைப் பிடித்து இழுத்தார். அது வந்தது, வந்தது, வந்துகொண்டே இருந்தது. நாணற்பூவைப் பிரித்துப் பார்த்தார். குவியலை ஒரு சுற்றுச் சுற்றினார். கண்ணாடியைக் கழற்றினார்.

"தண்ணி விட்டனியோ?"

"மழைதான்."

"இந்த உப்புக்கோ?"

"இந்த உப்புக்குத்தான்."

காணிக்குள் போனார். குந்தியிருந்து, செருக்கிய தரையில் நகத்தால் கிளறினார். அடிக்கட்டை ஒன்று அகப்பட்டது. பிடித்து இழுத்தார், வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தார், வரவில்லை. எழும்பித் திரும்பினார் பாருங்கள், முகம் சிவந்து போயிருந்தது.

"பின்னை ஆரடி உதை வெட்டினது? மூளை இல்லையோ? இவ்வளவு முளைச்சு நிண்டதை ஆராவது வெட்டுவினமோ? நான் வந்து ஒருக்கால் பாக்கும் மட்டுமாவது விட்டு வைச்சிருக்கலாமெல்லோ!"

இந்த மனிதர்தான் விற்க வந்தவர். நான் வாய் திறக்கமாட்டேன் என்று சொல்லியிருந்தேன், ஆனபடியால் என் நாக்கைப் பல்லால் பிடித்துக்கொண்டேன். மரியதாசும் பொடியன்களும் கடலேரியில் ஏதோ அதிசயம் கண்டவர்கள் போல ஒரே திசையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"வெட்டினது எனக்கு உதவி செய்ய வந்த ஆக்கள்" என்றாள் றெஜினா. "அவையை ஒண்டும் சொல்லாதையுங்கோ. அண்ணை, நான் வெள்ளவத்தைக்குப் போகமாட்டன். ஒவ்வொரு ஞாயிறும் நீங்கள் சொல்ல நான் ஓம் ஓம் எண்டு கேட்டுக்கொண்டிருந்தது என்ரை பிழை. எனக்கு இங்கை இருக்கோணும்."

அதைச் சொல்லி முடித்த பிறகுதான் அழுதாள். ஆனையிறவிலிருந்து அடக்கிக்கொண்டு வந்த அழுகை, சும்மா நிற்குமா? மரியதாஸும் சேர்ந்து அழுதார். கீர்த்தனா முதலே தொடங்கிவிட்டாள். நான் அழவில்லை. இன்னொரு ரொபி தேடினேன், கிடைக்கவில்லை.

அன்ரன் தங்கச்சியின் தலையில் கையை வைத்தார். "சரி, சரி. உள்ளுக்குப் போய்த் தேத்தண்ணியைப் போடு" என்றார். அவள் போனாள். அவர் நொத்தாரிசைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. குவியலுக்குப் பக்கத்திலேயே நின்று, உடைந்த நாணல் ஒன்றை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார்.

"மிஸ், உது திரும்ப வருமோ?"

"வேர் கிடக்குதுதானே. வரும்."

"எப்ப?"

"ஐப்பசி மழைக்கு."

"நான் ஆவணியிலை போயிடுவன்" என்றார். ஏதோ நாங்கள் வேண்டுமென்றே பிந்தி வைத்தது போல என்னைப் பார்த்தார். பிறகு கையிலிருந்த நாணலால் தையல் அறை ஜன்னலைக் காட்டி, "அப்ப அவளை ஐப்பசியிலை படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கோ. அந்த ஜன்னலடியிலை நிண்டு எடுத்தால் கடலும் சேர்ந்து விழும்" என்றார்.

குசினி வாசலில் றெஜினா சீனிப் போத்தலோடு நின்றாள். அவளுக்கும் அது கேட்டது.